காருக்குள் பெட்ரோல் வாடையா? எங்கே ஒழுகுதுன்னு கண்டுபிடிப்பது எப்படி?

சென்னை: காலையில் வண்டியை எடுத்ததும் குப்பென்று பெட்ரோல் வாடை. நேத்துதானே டேங்கை ஃபுல் பண்ணோம், அதான் என்று சொல்லிக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு சவாரிக்குக் கிளம்பி விடுகிறார்கள் பலர். பழைய கார் என்றால் அப்படித்தான் என்ற நினைப்பு வேறு. எத்தனை வருஷத்து வண்டியாக இருந்தாலும் சரி, காருக்குள் பெட்ரோல் வாடை வரக்கூடாது. தினமும் வந்தால் எங்கேயோ ஒழுகுகிறது என்றுதான் அர்த்தம்.

பெட்ரோல் ஆவி காற்றை விட கனமானது. மேலே போய் கலையாமல் வண்டிக்கு அடியில் தேங்கும். அதைப் பற்ற வைக்க ஒரு சின்ன பொறி போதும். பழைய கார்களுக்கு பெரும்பாலும் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும்தான் போட்டிருப்பார்கள். வண்டி எரிந்தால் அதில் ஒரு பைசா வராது. வண்டியை நம்பி ஓடும் குடும்பத்துக்கு அதோடு பிழைப்பும் போச்சு!

வாடை எப்போது வருகிறது என்பதை வைத்தே பாதி கண்டுபிடித்து விடலாம். டேங்க் நிரப்பிய அன்று மட்டும் வந்து, பாதி தீர்ந்ததும் நின்றுவிட்டால் கோளாறு டேங்கின் மேல்பக்கம். பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்குப் போகும் ரப்பர் குழாய், மூடியின் வாஷர், பம்ப் உட்காரும் இடத்து கேஸ்கெட் இவற்றைப் பார்க்க வேண்டும். பல கார்களில் பின் சீட்டைத் தூக்கினாலே பம்ப் மூடி தெரியும். வண்டி ஓடி நின்றதும் முன்பக்கம் நாறினால் இன்ஜின் அறையில் உள்ள குழாய், இன்ஜெக்டர் ரப்பர் வளையம், பழைய மாடல் என்றால் கார்புரேட்டர்.

ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய அட்டையை விரித்து வைத்தால் காலையில் கறை எந்த இடத்தில் என்று தெரியும். ஏ.சி. தண்ணீருக்கு வாடை கிடையாது. அட்டையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் நிம்மதியாகி விடக்கூடாது. பம்ப் ஓடும்போது மட்டும் ஒழுகும் வண்டிகளும் உண்டு. ஒருத்தர் சாவியை ஆன் செய்ய, இன்னொருத்தர் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். தீக்குச்சி, லைட்டர் கூடவே கூடாது. ஒர்க்ஷாப்பில் வயர் இழுத்து மாட்டும் குண்டு பல்பும் ஆபத்துதான். ஒரு சொட்டு விழுந்து பல்பு வெடித்தால் போதும்.

ரப்பர் குழாய்தான் பெரும்பாலும் குற்றவாளி. சூட்டில் காய்ந்து வெடிக்கும், எலி கடிக்கும். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களின் ரப்பர் பாகங்கள் அதற்கு ஏற்றபடி வருகின்றன. அதற்கு முந்தைய வண்டிகள், அதிலும் ரொம்ப பழசு என்றால், குழாய்களை அடிக்கடி பார்ப்பது நல்லது.

டேங்க் ஓட்டையில் சோப்பை அப்புவது, எம்-சீல் வைப்பது, குழாய்க்கு சைக்கிள் டியூபை சுற்றுவது எல்லாம் ஒர்க்ஷாப் போய்ச் சேரும் வரைக்கும்தான். அதையே வைத்து மாசக்கணக்கில் ஓட்டுவது வினை. கார் டயருக்கு 30 பாயிண்ட் காற்று பிடிப்போம் இல்லையா? இன்ஜெக்ஷன் காரில் பெட்ரோல் குழாய்க்குள் உள்ள அழுத்தம் பொதுவாக 40 பாயிண்டுக்கு மேல். அங்கே கார்புரேட்டர் வண்டியின் சாதா குழாயை மாட்டினால் பிய்த்துக்கொண்டு அடிக்கும். இன்ஜெக்ஷனுக்கு என்றே கேட்டு, கிளிப்போடு புதுசாக வாங்க வேண்டும். புதுப்பேட்டையில் கதவு, கண்ணாடி பழசு வாங்கலாம். குழாய் மட்டும் வேண்டாம், மிச்சமாவது சில நூறு ரூபாய்தான்.

கழற்றும் முன் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டால், குழாயில் உள்ள அழுத்தம் இறங்கி தானாக நின்றுவிடும். அப்புறம் பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். டேங்கை வெல்டிங் வைப்பது அந்த வேலை தெரிந்தவர்கள் மட்டும் செய்வது. காலி டேங்க்தான் நிரம்பிய டேங்கை விட மோசம். உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும்.

ஓடும்போது திடீரென வாடை தூக்கினால் ஓரம் கட்டி, சாவியை ஆஃப் செய்து, எல்லோரும் இறங்கி தள்ளிப்போய் நிற்க வேண்டும். மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது. புகை வந்தால் பானெட்டைத் திறக்கக் கூடாது. காற்று புகுந்து குபீரென்று பிடிக்கும். தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் அதன் மேலே மிதந்துகொண்டே எரியும். பவுடர் சிலிண்டர் இருந்தால் அடிக்கலாம், சின்ன தீ என்றால் மணல் போடலாம். மீறிப்போனால் விலகி நின்று 101-க்கு போன் செய்வதுதான் வழி.