டீச்சரை எல்லோரும் பார்த்தார்கள்... டீச்சர் யாரைப் பார்த்தார்?

2021-ல் ஒன்பதாவதோ பத்தாவதோ பதினொன்றாவதோ படித்துக்கொண்டிருந்தீர்களா? அப்படியென்றால் நீங்களும் நம்ம 'ஆல் பாஸ்' செட்தான். 2021 பிப்ரவரி 25-ம் தேதி, 9, 10, 11-ம் வகுப்புகளுக்குப் பரீட்சை கிடையாது, எல்லோரும் பாஸ் என்று சட்டசபையில் அறிவிப்பு வந்தது ஞாபகம் இருக்கா? அந்த வருடம் பத்தாவது முடித்தவர்களுக்கு சர்டிஃபிகேட்டில் மார்க்கே கிடையாது. 'தேர்ச்சி' என்று ஒரே ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

நமக்குப் பரீட்சை இல்லாத அந்த வருடத்தில் தினம் தினம் பரீட்சை எழுதியவர்கள் யார் தெரியுமா? நம்ம டீச்சர்கள்!

வீட்டுக்குள் வந்த வகுப்பறை

2020 மார்ச் மாதம் பள்ளிகளுக்குப் பூட்டு விழுந்தது. 25-ம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு. அடுத்த சில மாதங்களில் வகுப்பறை அப்படியே சுருங்கி செல்போனுக்குள் புகுந்துகொண்டது.

யோசித்துப் பாருங்கள். அதுவரை ஒரு டீச்சர் எப்படிப் பாடம் நடத்துகிறார் என்பது நமக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். கதவைச் சாத்திவிட்டால் அது தனி உலகம். திடீரென்று அந்தக் கதவு காணாமல் போய்விட்டது. திருச்சியில் தில்லைநகர் ஃபிளாட்டோ, பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸோ, ஸ்ரீரங்கத்தில் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் வீடோ... எங்கும் இதே கதைதான். பையன் போனை ஸ்பீக்கரில் போட்டால் வீடே வகுப்பில் உட்கார்ந்திருக்கும். குக்கர் விசிலுக்கு நடுவே அம்மா பாடம் கேட்பார். ஈஸிசேரில் இருக்கும் ரிட்டயர்டு தாத்தா, டீச்சரின் இங்கிலீஷுக்கு மார்க் போடுவார். 'இதுக்கா இவ்வளவு ஃபீஸ் கட்டறோம்?' என்று அப்பா ஆரம்பிப்பார். பல பள்ளிகளில் பிரின்சிபாலும் சத்தமில்லாமல் லாகின் பண்ணி, மூலையில் ஒரு பெயராக உட்கார்ந்திருப்பார்.

வீட்டோடு முடிந்தாலாவது பரவாயில்லை. பக்கத்து கேரளத்தைப் பாருங்கள். அங்கே 2020 ஜூன் 1-ம் தேதி அரசின் விக்டர்ஸ் சேனலில் 'ஃபர்ஸ்ட் பெல்' என்று டி.வி. வகுப்புகள் தொடங்கின. ஒண்ணாம் கிளாஸ் குட்டிகளுக்கு ஒரு டீச்சர் பூனைக் கதை சொன்னார். ஒரே நாளில் ஸ்டேட் முழுக்க ஃபேமஸ்! குழந்தைகள் கொண்டாடினார்கள். இன்னொரு பக்கம், வகுப்பெடுத்த பெண் ஆசிரியர்களைக் கிண்டலடித்தும் ஆபாசமாகவும் கமெண்ட்டுகள் குவிந்தன. கடைசியில் போலீஸ் வழக்குப் பதிவு செய்யும் அளவுக்குப் போனது. ஆறு வயதுக் குழந்தைக்கு எடுத்த பாடத்தை முப்பது வயது ஆட்கள் பார்த்துவிட்டு 'ஓவர் ஆக்டிங்' என்று மார்க் போட்டால் என்ன நியாயம், சொல்லுங்கள்?

நம்ம ஊரிலும் 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிதான் அந்த நாட்களில் கை கொடுத்தது. சாக்பீஸும் கரும்பலகையுமாக இருந்த அரசுப் பள்ளி ஆசிரியர்கள், ஸ்டூடியோ லைட்டுக்கு முன்னால் போய் நின்றார்கள். எதிரே ஒரு மாணவர்கூடக் கிடையாது. கேமரா மட்டும்தான்.

கறுப்புக் கட்டங்கள்

இந்த இடத்தில்தான் கதையே மாறுகிறது. இத்தனை பேர் டீச்சரைப் பார்த்தார்களே, டீச்சர் யாரைப் பார்த்தார்?

அவர் எதிரே இருந்தது கறுப்புக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெயர். சிலதில் அந்தப் பெயரும் அம்மாவுடையதோ அப்பாவுடையதோ! 'எல்லாருக்கும் கேக்குதா?' என்று கேட்டால் பதில் வராது. 'புரியுதா?' என்று கேட்டால் சாட்டில் வரிசையாக 'எஸ் மேம்... எஸ் மேம்...' பத்து நொடியில் நாற்பது 'எஸ் மேம்'. யாருக்கு நிஜமாகவே புரிந்தது? கடவுளுக்கே வெளிச்சம்.

கேமராவை ஆஃப் பண்ணியதெல்லாம் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. ஒரு மணி நேர வீடியோ வகுப்பு அரை ஜி.பி. டேட்டாவை அசால்ட்டாக முழுங்கிவிடும். வீட்டில் ஒரே போன், அதில் ஒன்றரை ஜி.பி. பேக், படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர் என்றால் வீடியோவுக்கு எங்கே போவது? கல்லூரி மாணவர்கள் 9.69 லட்சம் பேருக்கு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தினமும் 2 ஜி.பி. இலவச டேட்டா தர தமிழக அரசு முன்வந்ததே இதனால்தான். இதைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. ஒற்றை அறை வீட்டில், பின்னால் துணி காய்கிற கயிற்றோடு, நாற்பது பேருக்கு முன்னால் முகம் காட்ட எத்தனை பேருக்கு மனசு வரும்?

ஆக, காரணம் எதுவாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான். ஊரே டீச்சரைப் பார்த்தது. மாணவர் முகத்தைப் பார்க்க வேண்டிய டீச்சருக்கு மட்டும் கண்ணைக் கட்டிவிட்டது மாதிரி ஆகிவிட்டது.

திண்ணையில் ஒரு ஃபிளாஷ்பேக்

ஆசிரியரை ஊர் பார்ப்பது ஒன்றும் புதுசு இல்லை பாஸ். ஸ்ரீரங்கம் உத்திர வீதி, சித்திரை வீதிப் பக்கம் போனால், அபார்ட்மென்ட்களுக்கு நடுவே இன்னமும் சில பழைய வீடுகளில் திண்ணையைப் பார்க்கலாம். அந்தக் காலத்தில் தமிழ்நாடு முழுக்கத் திண்ணைகள்தான் பள்ளிக்கூடம். வாத்தியார் நடத்துவது தெருவில் போகிற எல்லோருக்கும் தெரியும், கேட்கும். சரியாகச் சொல்லித்தரவில்லை என்றால் மறுநாளே பிள்ளையை நிறுத்திவிடுவார்கள். வாத்தியாருக்கு நெல்லும் காசும் கொடுப்பதே அந்தக் குடும்பங்கள்தானே!

ஆனால் அந்தத் திண்ணையில் வாத்தியார் எதைப் பார்த்தார்? மணலில் எழுதுகிற பிள்ளையின் விரலை! 'அ' போடும்போது விரல் தடுமாறினால் அடுத்த நொடியே கையைப் பிடித்துத் திருத்திவிடுவார். அவர் கண்ணுக்குத் தப்பினால் இருக்கவே இருக்கிறார், மூத்த மாணவரான சட்டாம்பிள்ளை. 1789-ல் சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்துக்குப் பொறுப்பாளராக வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கவனித்தார். அதையும், பையன்களே பையன்களுக்குச் சொல்லித்தரும் முறையையும் தன் பள்ளியில் கொண்டுவந்தார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகவே போட்டுவிட்டார். இன்றைக்கும் உலகம் அதை 'மெட்ராஸ் சிஸ்டம்' என்கிறது.

அடுத்து வந்தது இன்ஸ்பெக்டர் ராஜ்ஜியம். இங்கிலாந்தில் 1862-ல் ஒரு விதிமுறை கொண்டுவந்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைக் கேள்வி கேட்பார். எத்தனை பேர் தேறுகிறார்களோ அதைப் பொறுத்துப் பள்ளிக்குப் பணம். நம் சென்னை மாகாணத்திலும் 19-ம் நூற்றாண்டில் இதே பாணியில் மானியம் கொடுத்தார்கள். என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இன்ஸ்பெக்டர் கேட்பதை மட்டும் உருப்போட வைத்தார்கள். 'இது படிப்பையே கெடுக்கிறது' என்று எதிர்த்தவர்களில் மேத்யூ ஆர்னால்டும் ஒருவர். பெரிய கவிஞர். அதைவிட முக்கியம், அவரே ஒரு ஸ்கூல் இன்ஸ்பெக்டர்!

கலாமும் ஒரு 'புரியலை'யும்

இன்ஜினீயரிங் ஃப்ரெண்ட்ஸுக்கு இது ஈஸியாகப் புரியும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பரில் ஓப்பன் லூப், குளோஸ்டு லூப் படித்திருப்பீர்கள். மற்றவர்களுக்குச் சிம்பிளாகச் சொல்கிறேன். டைமர் வைத்த டோஸ்டர், பிரெட் கருகினாலும் கவலைப்படாமல் நேரம் முடியும்வரை சூடாகிக்கொண்டே இருக்கும். அது ஓப்பன் லூப். ஏ.சி. அப்படி இல்லை. அறையின் சூட்டை அளந்து பார்த்துத் தன்னைத்தானே மாற்றிக்கொள்ளும். இது குளோஸ்டு லூப். நடுவில் ஃபீட்பேக் இருக்கிறது, அதுதான் வித்தியாசம்.

நல்ல ஆசிரியர் எப்போதுமே குளோஸ்டு லூப். அப்துல் கலாம் பல மேடைகளில் சொன்ன கதை ஒன்று உண்டு. ராமேஸ்வரத்தில் அவர் ஐந்தாவது படித்தபோது, சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் பறவை எப்படிப் பறக்கிறது என்று போர்டில் படம் போட்டு விளக்கினார். முடித்ததும் 'புரிந்ததா?' என்று கேட்டார். கலாம் புரியவில்லை என்றார். பல பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். ஆசிரியர் கோபப்படவில்லை. சாயங்காலம் எல்லோரையும் கடற்கரைக்கு அழைத்துப் போய், நிஜப் பறவைகளைக் காட்டிப் பாடத்தை நடத்தினார். அந்தப் பையன்தான் பின்னால் நம்ம திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரிக்கு வந்து இயற்பியல் படித்து, ராக்கெட் விட்டார்.

அந்த 'புரியலை' மட்டும் ஆசிரியர் காதில் விழாமல் போயிருந்தால்? 2020-ல் நடந்தது அதுதான். நம்ம டீச்சர்கள் எல்லோரையும் ஓப்பன் லூப்பில் ஓட விட்டோம்.

அப்படியானால் கண்காணிப்பே வேண்டாமா?

வேண்டும். கட்டாயம் வேண்டும். 2021 மே மாதம், சென்னையில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியர் ஆன்லைன் வகுப்பில் தவறாக நடந்துகொண்டார் என்று மாணவிகளும் முன்னாள் மாணவிகளும் துணிந்து வெளியே சொன்னார்கள். அவர் போக்சோ சட்டத்தில் கைதானார். அதைத் தொடர்ந்து வேறு பள்ளிகளிலிருந்தும் புகார்கள் வரத் தொடங்கின. மே 26-ம் தேதி முதல்வர் மு.க. ஸ்டாலின் தலைமையில் கூட்டம் நடந்தது. ஆன்லைன் வகுப்புகள் முழுவதையும் பதிவு செய்ய வேண்டும், பள்ளி நிர்வாகமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் சேர்ந்த குழு அதை அவ்வப்போது ஆய்வு செய்ய வேண்டும் என்று உத்தரவானது. பல வருடங்களாக மூடிய கதவுக்குப் பின்னால் அமுங்கிக் கிடந்த விஷயங்கள், கதவு திறந்ததால்தான் வெளியே வந்தன. அந்தக் கண்காணிப்பில் ஒரு துளிகூடக் குறையக் கூடாது.

ஆனால் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்ப்பது வேறு, பாடம் நன்றாக நடக்கிறதா என்று பார்ப்பது வேறு. முதலாவதுக்கு காவல்காரர் கண் போதும். இரண்டாவதுக்கு அது போதாது. எந்நேரமும் தப்பு கண்டுபிடிக்க ஒருவர் உட்கார்ந்திருந்தால் யாராக இருந்தாலும் ரிஸ்க் எடுக்க மாட்டார்கள். ஜோக் சொல்ல மாட்டார்கள், சிலபஸைத் தாண்டி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். கடற்கரைக்குக் கூட்டிப்போவதாவது!

பெருந்தொற்று முடிந்த பிறகும் பார்வை குறையவில்லை. தமிழக அரசுப் பள்ளிகளில் அதிகாரிகள் வகுப்புக்கு வந்து உட்கார்ந்து, ஆப்பில் பதிவு செய்யும் 'வகுப்பறை உற்றுநோக்கல்' வந்தது. ஆப்பில் விவரம் ஏற்றுவதற்கே நேரம் போய்விடுகிறது, பாடம் நடத்த விடுங்கள் என்பது ஆசிரியர் சங்கங்களின் குமுறல். 2023-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை மதிப்பிட பி.எட். மாணவர்களை அனுப்பியபோதும் எதிர்ப்பு கிளம்பியது.

சரி, நன்றாகப் பார்ப்பது எப்படி? ஜப்பானில் நூறு வருடங்களுக்கு மேலாக ஒரு பழக்கம் இருக்கிறது. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் நின்று பார்ப்பார்கள். அவர்கள் முக்கியமாகக் கவனிப்பது டீச்சரை இல்லை, பிள்ளைகளை! எந்தக் கணக்கில் பென்சில் நின்றது, எந்த வரியில் நெற்றி சுருங்கியது என்று குறித்துவைத்து, பிறகு எல்லோரும் உட்கார்ந்து பேசுவார்கள். அதாவது, டீச்சருக்கு இன்னும் நாலு ஜோடிக் கண் கிடைக்கிறது.

அமெரிக்காவில் 2009-லிருந்து சுமார் 3,000 ஆசிரியர்களை வைத்து கேட்ஸ் அறக்கட்டளை ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. வகுப்பறைகளை வீடியோ எடுத்துப் பார்த்தார்கள். ஒரே ஆள் ஒரே ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போடும் மார்க்கை நம்ப முடியாது, வேறு வேறு ஆட்கள் வேறு வேறு நாட்களில் பார்க்க வேண்டும் என்று தெரிந்தது. இன்னொன்று, கேள்வியைச் சரியாகக் கேட்டால் மாணவர்கள் சொல்லும் கருத்துக்கும் நல்ல மதிப்பு இருக்கிறதாம். மேட்டர் இங்கேதான் நம்ம பக்கம் திரும்புகிறது!

இப்போ பேனா உங்க கையில்!

செமஸ்டர் முடிவில் ஃபேகல்டி ஃபீட்பேக் ஃபார்ம் வருமே... ஏ.ஐ.சி.டி.இ., நாக் எல்லாம் மாணவர் கருத்தைக் கேட்கின்றன. லேபில் உட்கார்ந்து முப்பது செகண்டில் எல்லாவற்றுக்கும் 5 போட்டால் அது 'எஸ் மேம்' மாதிரிதான். இன்டர்னலில் மார்க் குறைத்த கோபத்தில் 1 போட்டால் அது மீம்ஸ் மாதிரி. இரண்டாலும் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. அடுத்த முறை இப்படி ட்ரை பண்ணுங்களேன்:

• 'நல்லா நடத்தறார்', 'மொக்கை' வேண்டாம். எந்த யூனிட், எந்த டாபிக் புரியவில்லை என்று எழுதுங்கள்.

• எது உதவியது என்பதையும் எழுதுங்கள். போர்டில் போட்ட டெரிவேஷனா, அவர் சொன்ன உதாரணமா?

• டிரெஸ், ஆக்ஸென்ட், குரல்... இதெல்லாம் பாடத்தில் சேராது. விட்டுவிடுங்கள்.

• யாராவது எல்லை மீறினால் அது ஃபீட்பேக் விஷயமே இல்லை. நேராகக் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போங்கள். பள்ளியில் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு 1098, 14417 இரண்டு எண்களையும் சொல்லி வையுங்கள்.

• செமஸ்டர் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்கு வகுப்பில் 'புரிஞ்சுதா?' என்று கேட்டதும் மொத்த கிளாஸும் தலையாட்டுமே, அப்போது உங்களுக்குப் புரியவில்லை என்றால் கையைத் தூக்கி, 'இல்ல சார், புரியலை' என்று சொல்லுங்கள்.

பக்கத்து பெஞ்ச் சிரிக்கலாம். சிரிக்கட்டும். கடைசி பெஞ்சில் இன்னும் நாலு பேர் 'அப்பாடா, இவனாவது கேட்டானே' என்று பெருமூச்சு விடுவார்கள் பாருங்கள். என்ன, நாளைக்கு முதல் ஹவரிலேயே ஆரம்பிச்சுடலாமா?