உங்களுக்குத் தெரியுமா? புகையும் புழுக்கமும்

◆ கரியமில வாயு கூடினால் பூமி சூடேறும் என்று சோதனை செய்து முதலில் எழுதியவர் ஒரு பெண். அமெரிக்காவின் யூனிஸ் ஃபுட், 1856. இரண்டு கண்ணாடிக் குழாய்கள், உள்ளே வெப்பமானிகள், வெளியே வெயில். ஆய்வுக்கூடம் அவ்வளவுதான். கரியமில வாயு அடைத்த குழாய் அதிகமாகச் சூடேறியது; நிழலுக்கு எடுத்துவந்த பிறகும் ஆற நெடுநேரம் பிடித்தது. அறிஞர் அவையில் அந்தக் கட்டுரையை அவர் வாசிக்கவில்லை, ஜோசப் ஹென்றி என்ற விஞ்ஞானி வாசித்தார். அப்புறம் ஒன்றரை நூற்றாண்டு மறதி. 2011இல் பழைய தொகுப்பு ஒன்றைப் புரட்டும்போது அவரைக் கண்டெடுத்தவர், பணி ஓய்வுபெற்ற பெட்ரோலிய நிலவியலாளர்!

◆ காற்றில் கூடியிருப்பது நாம் எரித்த நிலக்கரியின் புகைதான் என்று எப்படித் தெரியும்? உயிருள்ள மரம் செடிகளில் கார்பன்-14 கொஞ்சம் இருக்கும். பல கோடி ஆண்டு மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியில் அது அறவே இராது, சிதைந்து தீர்ந்திருக்கும். நிலக்கரிப் புகை கலக்கக் கலக்க, காற்றில் கார்பன்-14இன் விகிதம் இறங்கும். அந்த இறக்கத்தை 1950களில் மரக்கட்டைகளில் அளந்து காட்டியவர் ஹான்ஸ் சூயஸ். ‘எரிமலையும்தானே புகை விடுகிறது?’ என்பார்கள். விடுகிறதுதான். ஆனால் உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் விடும் கரியமில வாயு, மனிதர் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது.

◆ ஒரே ஆள் இரண்டு பெரிய கேடுகளுக்குப் பிள்ளையார் சுழி போட முடியுமா? தாமஸ் மிட்ஜ்லி போட்டார். கார் எஞ்சின் தட்டுவதை நிறுத்தப் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலக்கலாம் என்று 1921இல் கண்டுபிடித்தார். அடுத்தது ஃபிரிட்ஜ். அந்தக் காலத்து ஃபிரிட்ஜுக்குள் அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு போன்றவை ஓடின; கசிந்தால் வீட்டில் இருப்பவர் உயிருக்கே ஆபத்து. அதற்கு மாற்றாக மிட்ஜ்லியின் குழு கொண்டுவந்ததுதான் ஃப்ரியான். தீப்பிடிக்காது, நஞ்சும் இல்லை. 1930இல் வேதியியலாளர்கள் கூடிய இடத்தில் அதை மூச்சில் இழுத்து, எரிகிற மெழுகுவத்தியின்மேல் ஊதி அணைத்துக் காட்டினார். பிற்பாடு போலியோ வந்து படுத்த படுக்கையானார். தன்னைத் தூக்கி உட்காரவைக்கக் கயிறும் கப்பியுமாக ஒரு பொறி செய்துகொண்டார். 1944இல் அந்தக் கயிறே கழுத்தை இறுக்கி இறந்துபோனார்.

செய்த வினை என்று இந்தக் கதையை முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஃப்ரியான் வந்தபோது அது உயிர்காத்த பொருள்; ஓசோனை அரிக்கும் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. ஈயத்துக்கு அந்தச் சாக்கு செல்லாது. அது நஞ்சு என்பது ரோமானியர் காலத்துச் செய்தி. மிட்ஜ்லியே 1923இல் உடம்பில் ஈயம் ஏறி, ஓய்வெடுக்க ஃப்ளோரிடா போனவர். திரும்பிவந்து மறுபடியும் அதைத்தான் விற்றார்.

◆ அந்த ஈயத்தைக் காட்டிக்கொடுத்தவர் பூமியின் வயதைத் தேடிப் புறப்பட்டவர். விண்கல்லில் உள்ள ஈயத்தை அளந்தால் வயது தெரியும் என்று கிளேர் பேட்டர்சன் இறங்கினார். எதைத் தொட்டாலும் ஈயம்! தூசியில், தண்ணீரில், தலைமயிரில். தூசி புகாத அறை ஒன்றைக் கட்டி, அதற்குள் அளந்து, 1956இல் பூமிக்கு வயது சுமார் 455 கோடி ஆண்டு என்றார். அதன்பின் வாழ்நாளில் பெரும்பகுதியை, இவ்வளவு ஈயம் எங்கிருந்து வந்தது என்று ஊருக்குச் சொல்வதில் செலவிட்டார். இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000இல் ஒழிந்தது. உலகில் கடைசியாக விட்டது அல்ஜீரியா, 2021இல்.

◆ ஃப்ரியானின் இன்னொரு முகத்தைக் கண்டவர் ஒரு தமிழர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்த வீரபத்திரன் ராமநாதனுக்கு முதல் வேலை செகந்திராபாத்தில், குளிர்பதனப் பெட்டித் தொழிலில். ஃப்ரியான் ஏன் கசிகிறது என்று பார்ப்பதுதான் பணி. பிறகு அமெரிக்கா போனார். இந்த வாயுக்கள் ஓசோனைத் தின்னும் என்று மோலினாவும் ரௌலண்டும் 1974இல் எழுதினார்கள். கசிந்த வாயு வேறு என்னவெல்லாம் செய்யும் என்று ராமநாதன் கணக்குப் போட்டார். வெப்பத்தைப் பிடித்துவைப்பதில், ஃப்ரியானின் ஒரு மூலக்கூறு கரியமில வாயுவின் பத்தாயிரம் மூலக்கூறுகளுக்குச் சமம் என்று விடை வந்தது. 1975இல் அதை வெளியிட்டார். புவி சூடேறுவதென்றால் கரியமில வாயுவையே முதன்மையாகப் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது, ஃப்ரியான் படிப்படியாக ஓய்ந்தது. மாற்றாகப் பிற்பாடு வந்த வாயுக்கள் ஓசோனைத் தொடுவதில்லை. சூடேற்றுவதில் மட்டும் பழைய குணம் போகவில்லை. ஏசி மெக்கானிக் “கேஸ் போயிடுச்சு சார், ஏத்தணும்” என்கிறாரே, அந்த கேஸ் எங்கே போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஆர்-410ஏ வகையாக இருந்தால், ஒரு கிலோ கசிவது சுமார் இரண்டு டன் கரியமில வாயுவை விடுவதற்குச் சமம். ஆர்-32 என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு. கேஸ் ஏற்றுமுன் ஓட்டையை அடைக்கச் சொல்லுங்கள், பணமும் மிச்சம்.

◆ 1952 டிசம்பரில் லண்டனைப் புகைப்பனி மூடியபோது, அரங்கத்துக்குள்ளும் அது புகுந்து, மேடை தெரியாமல் ஓபரா ஒன்று பாதியில் நின்றது. அந்தச் சில நாட்களில் இறந்தவர்கள் 4,000 பேர் என்பது முதல் கணக்கு. பிந்தைய கணிப்புகள் 12,000 வரை போகின்றன.

◆ சிமெண்ட் ஆலைச் சூளையைச் சூரிய ஒளியிலேயே எரித்தாலும் கரியமில வாயு வரும். காரணம் எரிபொருள் மட்டுமல்ல, கல்லும்தான். நூறு கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல், டைனோசர் காலத்தில் அங்கே கிடந்த கடலின் சிப்பிகளும் கிளிஞ்சல்களும் படிந்தது. அவை சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் பூட்டிவைத்த கார்பனை நாம் மூட்டை மூட்டையாக அவிழ்த்துக்கொண்டிருக்கிறோம்.

◆ சியாட்டில் பக்கத்து ஓடைகளைச் செலவு செய்து சீராக்கினார்கள். முட்டையிட வந்த கோஹோ சால்மன் மீன்களோ மழை பெய்ததும் செத்து மிதந்தன. காரணம் 2020இல்தான் பிடிபட்டது: டயர்த் தூள். டயர் வெடிப்பு விடாமலிருக்கச் சேர்க்கும் ஒரு பொருள், காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து நஞ்சாகிறது. மழைநீர் அதைச் சாலையிலிருந்து ஓடைக்கு அடித்துப்போகிறது. மின்சாரக் காருக்கும் டயர் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

◆ எல்லாப் புகையும் பூமியைச் சூடாக்குவதில்லை. கந்தகப் புகை வெயிலைத் திருப்பியனுப்பிக் குளிரவைக்கும். 1991இல் பினாடுபோ எரிமலை வெடித்தபின் உலக வெப்பநிலை சுமார் அரை டிகிரி இறங்கியது. 2020 முதல் கப்பல் எண்ணெயில் கந்தகத்தின் உச்சவரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆனது. நுரையீரலுக்கு நல்ல சேதி. ஆனால் இதுவரை புகை மறைத்துவைத்திருந்த சூடு கொஞ்சம் வெளியே வருகிறது. அதற்காகப் புகையே இருக்கட்டும் என்று சொல்ல முடியுமா?

◆ நெல் வயலும் மீத்தேன் விடுகிறது. நீர் தேங்கிய மண்ணில் காற்றுப் புகாது; அங்கே நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கும். அதில் பெரும்பகுதி நெற்பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாகவே மேலேறும். மருந்து நம் ஊர் வழக்கிலேயே இருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சுவது. இப்படிச் செய்தால் மீத்தேன் பாதி வரைகூடக் குறையும், தண்ணீரும் மிச்சமாகும். ஆனால் முறைவைத்துத் தண்ணீர் விடும் கடைமடையில், அடுத்த முறை வருமோ வராதோ என்றிருப்பவரிடம் வயலைக் காயப்போடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. பம்புசெட் உள்ளவர்கள் செய்யலாம். துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வயலில் பதித்து, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் நீர் நிற்க வேண்டும். அப்போது காயவிட்டால் பதர்தான்.