ஓவியத்துக்கு நிலம் வாங்கித் தந்த துணி

சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் உள்ள சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஓவியங்களைத்தான் விரிவாக எழுதுகிறார்கள். நிலம் வாங்கப் பணம் தந்தது துணி என்ற செய்தி ஒரு வரியில் கடந்து போய்விடுகிறது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் துணிகளையும் கைவினைப் பொருள்களையும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் 1966இல் எழுந்தது அந்தக் கிராமம். பிழைப்புக்குக் கைத்தொழில், மற்ற நேரமெல்லாம் ஓவியம் என்பதே பணிக்கரின் ஏற்பாடு. ஆனால் துணி அவர்களுக்குச் சோறு மட்டும் போடவில்லை, கையையும் பழக்கியது என்றே நான் நினைக்கிறேன். பாத்திக்கில் உருகிய மெழுகைத் தூரிகையில் தொட்டுத் துணியில் கோடு இழுக்க வேண்டும். ஆறுவதற்குள் இழுத்து முடிக்க வேண்டும். தயங்கினால் மெழுகு துணிக்குள் இறங்காது, இழுத்ததை அழிக்கவும் முடியாது. பிறகு வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறம் வரை ஒவ்வொரு சாயமாக முக்கி எடுக்கிறார்கள். இறுகிய மெழுகு விரிசல் விடும் இடங்களில் சாயம் நரம்பு நரம்பாக இறங்குகிறது. சென்னை ஓவியர்களின் தனி அடையாளமாகச் சொல்லப்படும் கோட்டின் துணிவுக்கு இந்தப் பயிற்சியில் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

வயிற்றுப்பாட்டுக்குச் செய்ததைக் கலையாக உயர்த்துவானேன் என்று கேட்கலாம். பிழைப்பு மட்டுமே காரணமென்றால், ஓவியம் நன்றாக விற்கத் தொடங்கியதும் துணியை விட்டிருக்க வேண்டும். மைசூரில் பிறந்து, சோழமண்டலத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்து, பின்னர் பெங்களூரில் குடியேறிய எஸ்.ஜி. வாசுதேவ், பெயர்பெற்ற ஓவியரான பிறகுதான் நெசவாளர் சுப்பராயலுவுடன் சேர்ந்து பட்டு நூலில் சித்திர நெசவுக்கு வந்தார். சென்னை ஓவியர்களான கே.எம். ஆதிமூலமும் ரெட்டப்ப நாயுடுவும்கூட நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றியவர்கள்.

சரி, கடற்கரையில் வாழ்ந்தவர்களின் வேலையில் கடல் எங்கே என்பது இன்னொரு கேள்வி. அலையையும் கட்டுமரத்தையும் தேடினால் ஏமாற்றம்தான். நிலம் படத்தின் பொருளாக மட்டும் வருவதில்லை. வெயில், மணல், ஈரக்காற்று என வேலை நடக்கும் சூழலாகவும் வருகிறது. கடலே இல்லாத கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையிலும் இது புரியும்: சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேடுகளில் மழைநீர் அறுத்த தடங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்குப் பாத்திக்கின் விரிசல் கோடு அந்நியமாகத் தோன்றாது.

எனக்கு உண்மையிலேயே கனமாகப்படும் மறுப்பு வேறொன்று: நெய்தவர் ஒருவர், புகழ் இன்னொருவருக்கா? சித்திர நெசவு கீழிருந்து மேலாக வரிசை வரிசையாக வளர்வது. ஓவியத்தின் ஒரு நிறத்தைப் பிடிக்கப் பல சாய நூல்களைக் கலக்க வேண்டும், எந்த நூலை எங்கே கோப்பது என்பதை முடிவு செய்வது தறியில் இருக்கும் கை. வாசுதேவின் நெசவுகளோடு சுப்பராயலுவின் பெயரும் சேர்த்தே பேசப்படுகிறது. கூட்டாகச் செய்யும் எந்தத் துணிக்கும் கண்காட்சிச் சீட்டில் இரண்டு பெயர்கள், ஒரே அளவு எழுத்தில் இருக்க வேண்டும்.