டிஎன்ஏ எதைச் சொல்லாது?

மாணவர்களே, நீங்கள் நண்பரிடம் இரவல் வாங்கிய பேனாவில் உங்கள் தோல் உயிரணுக்களும் ஒட்டிக்கொள்ளும். டிஎன்ஏ சோதனைக்குச் சில உயிரணுக்களே போதும். அதுவே ஆபத்தாகவும் முடியலாம்.

2012ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கொலையுண்டவரின் நகங்களில் வேறோர் ஆடவரின் டிஎன்ஏ கிடைத்தது. கொலைக் குற்றம் சுமத்தப்பட்டு, ஐந்து மாதங்களுக்கு மேல் அவர் சிறையில் இருந்தார். ஆனால், கொலை நடந்த இரவில் அவர் மதுமயக்கத்தில் மருத்துவமனையில் கிடந்தார்!

அவரை அங்குக் கொண்டுசென்ற ஆம்புலன்ஸ் பணியாளர்களே, சில மணி நேரத்தில் கொலை நடந்த வீட்டுக்கும் சென்றிருந்தனர். இருவர் விரலிலும் மாட்டிய நாடித்துடிப்புக் கருவி வழியாக டிஎன்ஏ இடம் மாறியிருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

ஆய்வுக்கூடம் தவறவில்லை. டிஎன்ஏ யாருடையது என்பதைச் சோதனை சொல்லும். அது எப்படி அங்கு வந்தது என்பதை விசாரணைதான் கண்டறிய வேண்டும்.