நள்ளிரவில் ஊர் மாறிய வங்கி

வாங்க, சத்தம் போடாமல் என் பின்னாலேயே வாங்க. செருப்பை இங்கேயே விட்டுவிடலாம். காவலாளி அண்ணன் நீட்டுகிற பதிவேட்டில் பெயரும் நேரமும் எழுதிவிட்டு, நம் செல்போன் கேமராமேல் அவர் ஒட்டுகிற ஸ்டிக்கரை உரிக்காமல் இருந்தால் போதும். சென்னையில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவு இது. எந்த வங்கி என்று சொல்லக் கூடாது, அந்த நிபந்தனையில்தான் உள்ளே விட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை இரவு பத்தரை மணி. இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்த வங்கியின் மொத்தக் கணக்கும் ஹைதராபாத்துக்குக் குடிபோகப் போகிறது! அதைப் பக்கத்தில் நின்று பார்க்கப்போகிறோம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இவர்கள் இதை ‘டிஆர் டிரில்’ என்கிறார்கள். பேரிடருக்கான ஒத்திகை. வெள்ளமோ தீயோ வந்து இந்தக் கட்டடம் முடங்கிப்போனால், வேறு ஊரில் தயாராகக் காத்திருக்கும் இன்னொரு டேட்டாபேஸ் வேலையைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். காத்திருக்கும் அந்த டேட்டாபேஸுக்கு ஸ்டாண்ட்பை என்று பெயர். இங்கே ஓடுவது பிரைமரி. இன்றைக்கு இரண்டும் இடம் மாறிக்கொள்ளும்.

அறைக் கதவில் ‘வார் ரூம்’ என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய தாள் தொங்குகிறது. உள்ளே நீளமான மேசை. ஏழெட்டு லேப்டாப், ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் சார்ஜர் வயர்கள், முறுக்குப் பொட்டலம், ஃபிளாஸ்க், வாழையிலையில் கட்டிவந்த பரோட்டா. ஓரத்தில் யாரோ வீட்டிலிருந்து தூக்கிவந்த டேபிள் ஃபேன் கடகடவென்று சுற்றுகிறது. ஃபேன் எதற்கு என்று கேட்டேன். வார இறுதியில் இந்த மாடியின் ஏசி எட்டு மணிக்கே நின்றுவிடுமாம். பத்தடி தள்ளி இருக்கிற சர்வர் அறையில் ஸ்வெட்டர் போடாமல் நிற்க முடியாது; இங்கேயோ எல்லார் சட்டையும் முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் பணத்தை ஊர் மாற்றுகிறவர்கள் இப்படி வேர்த்து வழிந்துகொண்டுதான் மாற்றுகிறார்கள்.

சுவர் முழுக்க ‘ரன்புக்’ ஒட்டியிருக்கிறது. எந்த நேரத்தில் எதை யார் செய்ய வேண்டும் என்று வரிவரியாக எழுதிய தாள்கள். ஒவ்வொரு வரி முடிந்ததும் சிவப்புப் பேனாவால் டிக் அடிக்கும் உரிமை மேலாளருக்கு மட்டும்தான். புதிதாகச் சேர்ந்த பையன் ஆசையாகப் பேனாவை எடுத்தான். “வைடா அதை!” என்று நாலு பக்கத்திலிருந்தும் குரல் வந்தது. அவனும் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

இந்த இரவின் நாயகி, டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் டிபிஏ. பையன்களுக்கு அக்கா, மேலாளருக்கு மேடம். அவரிடம், ஸ்டாண்ட்பை எப்படித்தான் எல்லாவற்றையும் தெரிந்துகொள்கிறது என்று கேட்டேன். பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே பதில் சொன்னார். “நான் ஆரணிப் பக்கம். எங்க ஊர்ல கூத்து பார்த்திருக்கீங்களா? கட்டியக்காரன் ஒரு வரி பாடுவார், பின்பாட்டுக்காரர் அதையே வாங்கிப் பாடுவார். முன்னால இருக்கறவருக்குத் தொண்டை கட்டிடுச்சுன்னா, பின்பாட்டுக்காரருக்குக் கதை அத்தனையும் தெரியும். அவர் முன்னால வந்து நின்னா ஆட்டம் நிக்காது.” இதைவிடத் தெளிவாக யார் சொல்லிவிட முடியும்! பிரைமரியில் நடக்கிற ஒவ்வொரு மாற்றமும் ரீடூ லாக் என்கிற குறிப்பில் விழுகிறது. அந்தக் குறிப்பு ஹைதராபாத் போகிறது. அங்கே ஸ்டாண்ட்பை அதை வாங்கித் தன்மேல் எழுதிக்கொள்கிறது. இரவு பகலாக இதுதான் அதன் வேலை. இந்த வேலைக்கு இவர்கள் வைத்திருக்கும் மென்பொருள் ஆரக்கிள் டேட்டா கார்ட்.

மணி பதினொன்றே முக்கால். எல்லாரும் ஒன்றாகப் பேசும் பிரிட்ஜ் காலில் ஹைதராபாத் வந்துவிட்டது. அந்தப் பக்கம் பேசுகிறவர் சித்தூர்க்காரர், தமிழும் தெலுங்கும் கலந்து பொழிகிறார். “மேடம், இங்க பிரியாணி வந்துடுச்சு, உங்களுக்கு?” “இங்க பரோட்டா. லேக் எவ்வளவு காட்டுது, அதைச் சொல்லுங்க முதல்ல.” லேக் என்பது பிரைமரிக்கும் ஸ்டாண்ட்பைக்கும் நடுவில் இருக்கிற பின்தங்கல். நாலு நொடி. மூன்று. மறுபடி ஐந்து. கிளைகளின் நாள் முடிவுக் கணக்கு இப்போதுதான் முடிந்திருப்பதால் குறிப்புகள் குவிந்து போகின்றனவாம். எல்லாரும் அந்த ஒற்றை எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். நானும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன்.

லேக்கை ஒரேயடியாகப் பூஜ்யத்தில் வைத்திருக்க முடியாதா? முடியும், ஆனால் அதற்கு விலை உண்டு. ஹைதராபாத் நேர்கோட்டிலேயே 500 கிலோமீட்டருக்கு மேல் தூரம். கண்ணாடி இழையில் ஒளியே போய்த் திரும்புவதற்குக் குறைந்தது 5 மில்லிநொடி ஆகிவிடும். ஒவ்வொரு பணப் பரிமாற்றமும் ஹைதராபாத் ‘சரி’ என்று சொல்லும்வரை காத்திருந்தால் பரபரப்பான நேரத்தில் எல்லாம் மந்தமாகிவிடும். அதனால் இந்த ஊரிலேயே, சற்றுத் தள்ளி, இன்னொரு பிரதி இருக்கிறது. அதற்கு மட்டும் காத்திருப்பார்கள். ஹைதராபாத்துக்கு அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். பக்கத்துப் பிரதி ஒரு வரி விடாது. தூரத்துப் பிரதி ஊரே மூழ்கினாலும் மிஞ்சும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு அது ஏன் வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

சர்வர் அறைக்குள் ஒரு நிமிடம் எட்டிப் பார்க்க விட்டார்கள். என்ன இரைச்சல்! ரேக் கதவில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோய் இன்னும் இருக்கின்றன. துடைக்க யாருக்கும் மனசு வரவில்லையாம். குரங்குக் குல்லாய் போட்ட ஒரு பெரியவர் கையில் டார்ச்சோடு நிற்கிறார். வயர் ஏதாவது பிடுங்க வேண்டி வந்தால் அவர்தான் பிடுங்குவார். “இன்னைக்கு என்னைக் கூப்பிடாம இருந்தா, எல்லாம் நல்லா நடக்குதுன்னு அர்த்தம்” என்றார்.

பன்னிரண்டு இருபது. லேக் பூஜ்யம். ஏடிஎம், மொபைல் செயலி, இணையச் சேவை எல்லாம் நிறுத்தப்பட்டன. அக்கா கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் இருப்பவர் சத்தமாகக் கேட்டார்: “எந்த மெஷின்ல இருக்கீங்க?” அக்கா திரையிலிருக்கும் சர்வரின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். இன்னொருவர் அதைத் தாளோடு ஒப்பிட்டார். பிரைமரியின் திரைக்குச் சிவப்புப் பின்னணி, ஸ்டாண்ட்பைக்குப் பச்சை. கண் தூங்கினாலும் கை தவறக் கூடாது என்று இத்தனை ஏற்பாடு.

இந்த ஜாக்கிரதைக்குக் காரணம் இருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்கிற மென்பொருள் நிறுவனத்தில், பின்தங்கிப்போன ஸ்டாண்ட்பையைச் சரிசெய்ய உட்கார்ந்த ஒரு பொறியாளர், இரவு நேரத்தில், தவறிப்போய் பிரைமரியிலேயே அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் ஏறக்குறைய 4.5 ஜிபிதான் மிச்சம். நம்பியிருந்த பேக்அப் ஏற்பாடுகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்த ஒரு பிரதி காப்பாற்றியது. மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். அந்த நேர்மைக்காக இந்த அறையில் இருக்கிற எல்லாருக்கும் அவர்கள்மேல் பெரிய மரியாதை.

சரி, திரைக்கு வருவோம். அக்கா தட்டியது ஒரே வரி. எண்டர். பிறகு நிசப்தம், அந்த ஃபேனின் கடகட மட்டும். பிரைமரி கதவை மூடிக்கொள்கிறது, கடைசிக் குறிப்பை அனுப்புகிறது, தன்னை ஸ்டாண்ட்பையாக மாற்றிக்கொள்கிறது. நம் கண்ணுக்குத் தெரிவது ஒன்றன் கீழ் ஒன்றாக நகரும் நாலைந்து வரிகள்தான். மேலாளர் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். திடீரென்று ஸ்பீக்கரில் சித்தூர்க்காரர்: “வந்துடுச்சு! வந்துடுச்சு மேடம்! இங்க பிரைமரி!” அறையே கைதட்டியது. நானும் தட்டினேன், உள்ளங்கை சிவக்கும்வரை!

உண்மையான வேலை இதற்குப் பிறகுதான் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. டேட்டாபேஸ் போய்விட்டது, அதைத் தேடிப் போக வேண்டிய மற்ற மென்பொருட்களெல்லாம் புது விலாசத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரு பெண் மொத்தக் கணக்குகளின் கூட்டுத்தொகையைப் பழையதோடு ஒப்பிட்டார். ஒரு பைசா மாறவில்லை. கிளையிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு ஒருவர் லாகின் செய்து, “என் பேலன்ஸ் அப்படியே இருக்கு, ஏத்திக் காட்டக் கூடாதா?” என்றார்.

கீழே ஏடிஎம்மில் நூறு ரூபாய் எடுக்கப் போன பையன் ஓடிவந்தான். “காசு வரல அண்ணா!” நெட்வொர்க் தம்பியின் முகம் சுண்டிவிட்டது. பாவம், காலையில் ஏழரைக்கு அவர் மனைவிக்கு வளைகாப்பு. உதட்டைக் கடித்துக்கொண்டு தேடினார். போன ஒத்திகைக்காக ஃபயர்வாலில் திறந்த வழிக்குக் காலாவதித் தேதி போட்டிருந்தார்கள். தேதி தாண்டியதும் அது தானாகவே அடைத்துக்கொண்டுவிட்டது. திறந்தார்கள். பையன் மறுபடி ஓடினான். நூறு ரூபாய்த் தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவன் படியேறி வந்ததைப் பார்க்க வேண்டுமே! அக்கா சந்தோஷமாகச் சொன்னார்: “இது இன்னைக்கு மாட்டினது நல்லது. புயலன்னிக்கு மாட்டியிருந்தா?” ரன்புக்கில் அந்த இடத்திலேயே புது வரி ஒன்று சேர்ந்தது.

மூன்று மணி டீயில் பேச்சு பங்குச் சந்தைக்குப் போனது. 2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையில் வர்த்தகம் சில மணி நேரம் நின்றுபோனதே, அதற்குப் பிறகு சந்தைகளைக் கண்காணிக்கும் செபி விதியை இறுக்கியது. பேரிடர் என்று அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்று இடத்திலிருந்து முக்கிய வேலைகள் ஓட வேண்டும். 2024 மார்ச் 2, சனிக்கிழமை, சந்தையைத் திறந்து வைத்தே ஒத்திகை பார்த்தார்கள். காலை 9:15 முதல் 10 வரை வழக்கமான இடத்திலிருந்து, பிறகு 11:30 முதல் 12:30 வரை மாற்று இடத்திலிருந்து. அதைச் சொல்லும்போது இவர்கள் கண்களில் ஒரு பளபளப்பு!

இன்னொன்றையும் அக்கா அழுத்திச் சொன்னார். பிரைமரியில் யாராவது தப்பாக ஒன்றை அழித்தால், ஸ்டாண்ட்பையும் அடுத்த நொடியே அழித்துவிடும். அதற்கு நல்லது கெட்டது தெரியாது. அதனால் வேண்டுமென்றே சில மணி நேரம் தாமதமாக எழுதிக்கொள்ளும் ஒரு பிரதியும், தனியாக பேக்அப்பும் வைத்திருக்கிறார்கள்.

ஐந்தே முக்காலுக்குக் கடைசி டிக் விழுந்தது. நெட்வொர்க் தம்பி முகம் கழுவிக்கொண்டு வளைகாப்புக்குக் கிளம்பினார். அக்கா தன் டப்பாவில் மிச்சமிருந்த அதிரசத்தை அவர் பையில் திணித்துவிட்டார். ஊர் மாறிய வங்கி உடனே திரும்பி வராது. மாற்று இடத்திலிருந்து குறைந்தது ஒரு முழு வேலைநாள், காலைத் தொடக்கம் முதல் நாள் முடிவுவரை ஓட்டிக் காட்ட வேண்டும் என்பதும், முக்கியமான கணினி அமைப்புகளுக்கு அரையாண்டுக்கு ஒரு முறையாவது ஒத்திகை வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் உத்தரவு. திங்கட்கிழமை கிளைக்குப் பணம் போட வருகிறவருக்கு, கணக்கு ஹைதராபாத்திலிருந்து பேசுவது தெரியவே தெரியாது.

கூட்டுறவுச் சங்கமோ, மருத்துவமனையோ, பள்ளியோ நடத்துகிற வாசகர்களே, இது பெரிய வங்கிகளுக்கு மட்டும் என்று விட்டுவிடாதீர்கள். போஸ்ட்கிரெஸ் என்கிற டேட்டாபேஸ் இலவசமாகவே கிடைக்கிறது. 2010-ல் வந்த 9.0 பதிப்பிலிருந்து மாற்றங்களை உடனுக்குடன் ஸ்டாண்ட்பைக்கு அனுப்புகிறது. ஆரக்கிளின் ஸ்டாண்டர்ட் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு டேட்டா கார்ட் கிடையாது, அவர்களுக்கு நியூசிலாந்தின் டிபிவிசிட் மென்பொருள் இருக்கிறது. உங்கள் கணினிக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “ஸ்டாண்ட்பைக்கு மாறி, அதுலயே ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தது எப்போ?” அவர் தேதி சொன்னால் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். “காப்பி இருக்கு சார்” என்று மட்டும் சொன்னால், வருகிற சனிக்கிழமையே ஒத்திகைக்கு நாள் குறித்துவிடுங்கள்.