பருவைப் போக்கும் களிம்பு முகத்தையே கெடுக்கும்!

உத்திரமேரூர்:

வயசுப் பிள்ளைகளுக்கு முகத்தில் பரு வந்தால், உத்திரமேரூர் வட்டாரக் கிராமங்களில் "சூடு புடிச்சிருக்கு" என்று சொல்லிச் சந்தனம் பூசுவார்கள். அதில் பெரிய கெடுதல் இல்லை. "பொண்ணு பார்க்க வர்றாங்க, பருவுக்கு ஒரு டியூப் குடுங்க" என்று மருந்துக் கடையில் கேட்பதில்தான் ஆபத்து!

சில நாள் பளபளப்பு

இப்படி வாங்கும் சில களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கும். பூசிய சில நாளில் சிவப்பு மறையும், முகம் வெளுக்கும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், ரோமம் முளைக்கும், பரு முன்னைவிட அதிகமாகும். நிறுத்தினாலோ முகம் தீயாய் எரியும்!

டாக்டர் சீட்டு இல்லாமல் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை விற்க, மத்திய அரசு 2018-ல் தடை விதித்தது.

கிள்ளாதீர்கள்!

பருவுக்குக் காரணம் சூடு அல்ல. இளம் வயதில் தோலில் எண்ணெய் அதிகம் சுரந்து, துவாரம் அடைபட்டு, கிருமி பெருகுகிறது. இதற்குப் பென்சாயில் பெராக்சைடு, அடாப்பலின் போன்ற மருந்துகள் உண்டு. குணம் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். அதற்குள் கிள்ளினால் தழும்பு நின்றுவிடும்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்கக் காசு வேண்டாம். வீட்டில் இருக்கும் டியூப்பையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். நெடுநாள் பூசியவர்கள், எப்படி நிறுத்துவது என்று அவரையே கேளுங்கள்.