சூப்பர் ஹீரோவின் சோகக் காட்சி: லேயரை மறைத்துப் பாருங்கள்

நண்பர்களுடன் சேர்ந்து வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே காமிக்ஸ் தயாரித்து இணையத்தில் வெளியிடுவது இப்போது பெரிய காரியம் இல்லை. வரைவதற்கு கிரிட்டா புரோகிராம் இலவசமாகக் கிடைக்கிறது. பைல்களைப் பகிர்ந்து கொள்ள கூகுள் டிரைவ் போதும். சண்டைக் காட்சி என்றால் மூன்று பேர் மூன்று ஊரில் இருந்து வேலை பார்த்தாலும் எப்படியோ பொருந்திவிடும். சோகக் காட்சி வரும்போதுதான் சிக்கல் தெரியும்.

நானும் என்னுடன் இன்ஜினியரிங் படித்த இருவரும் ஒரு சூப்பர் ஹீரோ வெப்காமிக்ஸ் நடத்துகிறோம். கதை, வசனம் நான். ஒருவன் படம் வரைகிறான். மற்றவன் வண்ணமும் எழுத்தும் பார்த்துக் கொள்கிறான். எங்கள் ஹீரோவுக்கு நகரத்தின் எல்லாச் சத்தமும் கேட்கும். எனவே ஒவ்வொரு கட்டத்திலும் ஹாரன், குக்கர் விசில், கோயில் மணி என சத்தச் சொற்கள் நிறைந்திருக்கும். 12ஆவது அத்தியாயத்தில், அவன் நகரின் மறுகோடியில் சண்டை போட்டுக் கொண்டிருக்கும்போது, மருத்துவமனையில் அப்பாவின் மூச்சு நிற்பது அவன் காதில் விழுகிறது. நான் எட்டு பலூன்களுக்கு வசனம் எழுதினேன். படத்தில் கண்ணீர். வண்ணத்தில் இருட்டும் மழையும். அதற்கு மேல் கொட்டை எழுத்தில் ‘அப்பா!’. மாதிரிப் பக்கத்தைப் படித்தபோது எங்களுக்கே சிரிப்பு வந்தது. ஒரே குழம்பில் மூன்று பேர் தனித்தனியாக உப்பு போட்ட கதைதான்.

சரிசெய்து தருவதாகப் பைலை எடுத்துக் கொண்ட படக்கார நண்பனிடமிருந்து பத்து நாட்கள் பதில் இல்லை. பிறகு ஒரு நாள் இரவு பைல் வந்தது. திறந்தால் வசனமும் இல்லை, சத்தச் சொற்களும் இல்லை. ஏதோ தவறு என்று போன் செய்தேன். “டெக்ஸ்ட் லேயரை ஆஃப் பண்ணிட்டுத்தான்டா வரைஞ்சேன். அந்த வசனத்தைப் பார்த்துக்கிட்டே வரைய முடியல” என்றான். அவன் அப்பா இறந்து அப்போது நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. எழுதும்போது எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. காட்சியையே எடுத்துவிடலாம் என்றேன். “காட்சி இருக்கட்டும். வசனம்தான் வேணாம்” என்றான்.

மறுபடி பைலைப் பார்த்தேன். எப்போதும் சத்தம் நிறைந்திருக்கும் பக்கம் திடீரென்று அமைதியாகிவிட்டது. கண்ணீரையும் அவன் எடுத்திருந்தான். ஹீரோ ஒரு காதைக் கையால் பொத்திக் கொண்டு நிற்கிறான், அவ்வளவுதான். நான் எட்டு பலூனில் சொல்ல முயன்றது அதில் இருந்தது.

இப்போது இதை ஒரு சோதனையாகவே வைத்திருக்கிறோம். வசனம், சத்தச் சொற்கள், கோட்டுப் படம், வண்ணம் ஆகிய நான்கையும் தனித்தனி குரூப் லேயர்களில் அமைத்திடுங்கள். லேயர் பட்டியலில் பெயருக்கு அருகே உள்ள கண் ஐகானில் கிளிக் செய்தால் அது மறையும். ஒவ்வொன்றாக மறைத்துப் படியுங்கள். மறைத்த பிறகும் மனதைத் தொடுகிறது என்றால் அங்கே அந்த லேயர் அதிகப்படி.

அதற்காக எழுத்தே கூடாது என்று எண்ண வேண்டாம். 1973ல் வெளியான அமேசிங் ஸ்பைடர்மேன் 121ஆவது இதழில் (கதை ஜெர்ரி கான்வே, படம் கில் கேன்) பாலத்திலிருந்து விழும் க்வென் ஸ்டேசியை ஸ்பைடர்மேன் வலை வீசிப் பிடிப்பான். அவள் கழுத்தருகே ‘ஸ்நாப்’ என்று ஒரு சின்னச் சொல். அதை மறைத்தால் வலை அவளைப் பிடித்துவிட்டது என்று மட்டுமே தெரியும். அது இருப்பதால், காப்பாற்ற வீசிய வலையே அவள் கழுத்தை முறித்தது வாசகருக்குப் புரிகிறது. காட்சியின் முழு பாரத்தையும் அந்த ஒரு சொல் தாங்குகிறது.

வேலையின் வரிசையையும் மாற்றினோம். 1960களில் ஸ்டான் லீ கதைச் சுருக்கம் மட்டும் தர, ஜாக் கிர்பி, ஸ்டீவ் டிட்கோ போன்றவர்கள் பக்கங்களை வரைந்தபின் வசனம் சேர்க்கப்பட்டது. இதற்கு மார்வெல் முறை என்றே பெயர். சோகக் காட்சிகளுக்கு மட்டும் இதைப் பின்பற்றுகிறோம். என்ன நடக்கிறது என்று அரைப் பக்கம் தருவேன். படம் வந்த பிறகே வசனம்.

இன்னொன்று, இடைவெளி. போனில் மேலிருந்து கீழாக உருட்டிப் படிக்கும் காமிக்ஸில், கட்டங்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம்தான் நேரம். 20க்கு 9 அளவுள்ள திரையை முழுவதும் நிரப்பும்போது, 800 பிக்சல் அகலப் படத்தில் சுமார் 1,780 பிக்சல் உயரம் ஒரே நேரத்தில் தெரியும். எனவே 1,800 பிக்சல் இடைவெளி விட்டால் ஒரு திரை முழுவதும் காலி. வெள்ளையாக விட்டுவிடாதீர்கள். நெட் ஸ்லோ என்று நினைத்து ரெப்ரெஷ் செய்துவிடுவார்கள், எங்களுக்கு அதுவும் நடந்தது. மேலே உள்ள கட்டத்தின் நிறத்திலிருந்து மெல்ல கருநீலத்திற்கு மாறும்படி அமைத்தால் வேண்டுமென்றே விட்டது என்று தெரியும்.

எக்ஸ்போர்ட் செய்யும் முன் கண் ஐகான்களை ஒருமுறை சரிபார்த்திடவும். மறைத்த லேயரை ஆன் செய்ய மறந்ததால், எங்கள் 13ஆவது அத்தியாயத்தின் சண்டைக் காட்சி முழுவதும் ஊமைப் படமாகவே அப்லோட் ஆகிவிட்டது.